தறிப்பள்ளத்துச் செங்கல்

அண்ணி,

உன் வீட்டில் ஃபினாயில் வாசனை அடிக்கிறது. வாசற்படியைத் தாண்டியதுமே மூக்கில் ஏறியது அதுதான். கஞ்சித் தண்ணீரும் பட்டு நூலும் அடுப்புப் புகையும் கலந்து ஒரு வாசனை வருமே, சேலையை அவிழ்த்து அலசிப் போட்டாலும் போகாதே, அது போன இடம் தெரியவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. அழுகை வரும் என்று நினைத்துத்தான் முந்தானையைக் கையில் பிடித்துக்கொண்டு போனேன். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

முசரவாக்கத்தில் உன் தம்பி வீட்டில் உனக்குக் காரியம் முடித்துவிட்டு பஸ் ஏறினேன். சின்ன காஞ்சிபுரத்தில் என் வீட்டுக்குப் போக வேண்டியவள், பெரிய காஞ்சிபுரத்திலேயே இறங்கிவிட்டேன். உன் வீட்டை அவர்கள் மியூசியம் ஆக்கிய பிறகு உள்ளே கால் வைப்பதில்லை என்று சபதம் போட்டிருந்தேன், உனக்குத் தெரியும். நீ இருந்தவரை காப்பாற்றினேன். இனிமேல் யாருக்காகக் காப்பாற்றுவது?

வாசலில் பெரிய பலகை மாட்டியிருக்கிறார்கள். ‘கவிஞர் வாழ்ந்த இல்லம்.’ அதன் கீழே அண்ணன் பாட்டிலிருந்து ஒரு வரி: ‘என் வீட்டுக்குக் கதவில்லை, வருவோர்க்கெல்லாம் வாசல்தான்.’ பலகைக்கு நேர் கீழே புதுத் தேக்குக் கதவு. திறந்திருந்தாலும் அதன் கொண்டியில் என் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. இதைப் பார்த்து எவனுக்கும் சிரிப்பு வரவில்லை போலிருக்கிறது.

என் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு நீ இங்கே வந்தபோது உனக்கும் எனக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. அண்ணியை ‘நீங்க’ என்று கூப்பிடச் சொல்லி அப்பா என்னை அதட்டினார். நீதான் குறுக்கே வந்தாய். “வுடுங்க மாமா, நீங்கன்னா வேற யாரையோ கூப்புடற மாதிரி இருக்குது” என்றாய். அன்றிலிருந்து ‘நீ’தான். கடைசிவரை அதை மாற்றவில்லை, இப்போதும் மாற்றப் போவதில்லை.

கூடத்தில் அந்தத் தறிப்பள்ளத்தைத் தோண்டியது அப்பா. நெய்கிறவர் விளிம்பில் உட்கார்ந்து, காலை உள்ளே தொங்கவிட்டு, கீழே இருக்கும் மிதியை மிதிக்க வேண்டும். அண்ணன் நிலைப்படியில் குனிந்து நுழைகிற ஆள். அவன் கால் நீளத்துக்கு அளந்து தோண்டினார் அப்பா. அண்ணன் நெய்தான், இல்லை என்று சொல்லவில்லை. கல்யாணமான புதிதில் கொஞ்ச காலம் நன்றாகவே நெய்தான். பிறகு பாட்டு அவனைப் பிடித்துக்கொண்டது. கூட்டம், மேடை, வெளியூர் என்று எழுந்து போனவன் திரும்பி அந்தப் பள்ளத்தில் கால் விடவே இல்லை.

அப்புறம் ஒருநாள் காலை, அடுப்பிலிருந்து சோற்றுப் பானையை இறக்கிவிட்டு வந்து, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நீ பள்ளத்தில் இறங்கினாய். கால் எட்டவில்லை! அந்தரத்தில் இரண்டு காலையும் ஆட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாயே, அந்த முகம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். கிணற்றடியில் கிடந்த இரண்டு செங்கல்லைக் கொண்டுவந்து பள்ளத்துக்குள் பக்கத்தில் பக்கத்தில் போட்டோம். மிதிக் கயிற்றை இழுத்து மேலே கட்டினோம். “இப்ப எட்டுது” என்றாய். பொம்பளை தறிப்பள்ளத்தில் இறங்குவதா என்று தெருவில் வாயில் போட்டு மென்றார்கள். “பேசறவங்க வந்து நம்ம வூட்ல ஒல வெக்கட்டும், நான் ஏறிடறேன்” என்று சொல்லிவிட்டு நீ பாட்டுக்கு நெய்தாய்.

எனக்குக் கல்யாணம் ஆகும்வரை உன் வலப்பக்கத்தில் நான்தான் உட்கார்ந்தேன். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம் என்று கோர்வை போட்டு நெய்யும்போது ஒருத்தியால் ஆகாது. ஊடைநூல் சுற்றிய நாடாவை நீ எறிய, என் பக்கத்துக் கரைக்கு நான் எறிய, இரண்டும் சரியான இடத்தில் கை கோத்துக்கொள்ள வேண்டும். அண்ணன் மேல் எனக்குக் கோபம் வந்து நான் கத்த ஆரம்பித்தால், “வாய அப்பறம் வெச்சிக்க, நூல் அறுந்துடும்” என்பாய். கத்தியது நான், அறுந்தது எப்போதும் என் பக்கத்து நூல். முடிச்சுப் போட்டது நீ.

அண்ணன் கெட்டவன் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கெட்டவனாக இருந்திருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம். அவன் பாடினால் நானே முந்தானையால் கண்ணைத் துடைத்திருக்கிறேன். ஆனால் கதவில்லாத வீடு என்று அவன் பாடிவிட்டான், அந்த வீட்டுக்குள் நுழைந்தவர்களுக்கெல்லாம் சோறு போட்டது யார்? திடுதிப்பென்று ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து நிற்பான். நீ பள்ளத்திலிருந்து தலையை மட்டும் தூக்கிக் கேட்பாய்: “எத்தினி பேரு?” அவன் பாட்டையெல்லாம் ஊரே மெச்சியது. நீ அவனிடம் கேட்ட கேள்வி அது ஒன்றுதான். அவன் பதில் சொல்லும்போதே நீ எழுந்து அரிசி களையப் போயிருப்பாய்.

அவன் போனான். ஊரே வந்து அழுதது. குழந்தை குட்டி இல்லாத நீ தனியாக நின்றாய். சடங்கெல்லாம் முடிந்ததும் மறுபடியும் பள்ளத்தில் இறங்கிவிட்டாய். அந்தத் தறிதான் உனக்குச் சோறு. அந்த வீடுதான் உனக்கு ஊர்.

என் மகள் கல்யாணத்தை நீ மறந்திருக்க மாட்டாய். வந்த பெண்களுக்கெல்லாம் வெற்றிலை பாக்கு கொடுத்துக்கொண்டு வந்த என் மாமியார், உன்னிடம் வந்ததும் தட்டை உன் தலைக்கு மேலே தூக்கி அடுத்தவளிடம் நீட்டினாள். தாலி அறுத்தவளுக்குத் தாம்பூலம் ஏது? அந்த அம்மாளிடம் நான் போட்ட சண்டையில் நாயனக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். நீ என் கையைப் பிடித்து இழுத்தாய். “வுடுடீ. எனக்கென்ன வெத்தல போடற பழக்கமா?” என்றாய். அப்புறம் கிணற்றடிக்குப் போய்த் தண்ணீர் இறைத்துக்கொண்டே இருந்தாய். அண்டா நிறைந்து வழிந்தும் நீ நிறுத்தவில்லை.

அறுபதுகளின் கடைசியில் அண்ணன் பெயரில் விழாக் குழு என்று ஒன்று கிளம்பியது. அதன் தலைவர் வக்கீல். வெள்ளை வேட்டி, வாசனைப் பாக்கு. “அம்மையார் அவர்களே” என்றுதான் உன்னைக் கூப்பிட்டார். கவிஞரின் இல்லத்தைப் பாதுகாக்க வேண்டும், வருங்காலத்துக்குக் காட்ட வேண்டும் என்று வாரா வாரம் வந்து பேசினார். நீ தறியை நிறுத்தாமல் கேட்டாய்.

“பாதுகாத்துக்கினுதானேப்பா இருக்கேன்? தெனமும் பெருக்கறேன், மழைக்கு முன்னாடி ஓடு மாத்தறேன். இன்னும் இன்னா பாதுகாக்கணும்?”

அவர் சிரித்தார். கூட வந்தவர்களும் சிரித்தார்கள். கவிஞரின் மனைவி அல்லவா, நகைச்சுவை இருக்காதா என்றார்கள். நீ சிரிக்கவில்லை.

நம் தெருவில் ஒரு வழக்கம். கல்யாணம் நிச்சயமானாலும் சரி, வீடு கை மாறினாலும் சரி, தாம்பூலத் தட்டு கை மாறினால்தான் பேச்சு முடிந்ததாக அர்த்தம். தட்டை வாங்காதவரை யாரும் யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. வாங்கிவிட்டால் பின்வாங்கவும் முடியாது. காகிதமெல்லாம் அதற்கு அப்புறம்தான். வக்கீலுக்கும் இது தெரியும், இந்த ஊர்க்காரர்தானே. வரும்போதெல்லாம் பழத்தோடு வெற்றிலைத் தட்டும் கொண்டுவந்தார். நீ இரண்டு கையையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு, “அப்பிடி வெச்சிட்டுப் போங்க” என்பாய். அவர்கள் போனதும் பழத்தைத் தெருப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுத் தட்டைத் திருப்பி அனுப்புவாய். “வேணாம்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிடு அண்ணி” என்று நான் குதித்தேன். “எதுக்குச் சொல்லணும்? தட்டு வாங்காத வரைக்கும் வூடு என்னுது. நான் வாங்க மாட்டேன்” என்றாய். அவ்வளவு கெட்டியாக இருந்தாய்.

அண்ணன் நினைவு நாளுக்குப் பந்தல் போட்டார்கள். உன்னை மேடையில் உட்கார வைத்தார்கள். முன்வரிசையில் நான். பேச்செல்லாம் முடிந்து பொன்னாடை போர்த்தினார்கள். அப்போது மேடைக்குப் பின்னாலிருந்து வக்கீலின் மனைவி வந்தாள். தலை நிறைய மல்லிகை, நெற்றியில் பெரிய குங்குமம். கையில் வெள்ளித் தட்டு. வெற்றிலை, பாக்கு, மஞ்சள், தேங்காய், ஒரு முழம் பூ. நேராக உன்னிடம் வந்து, குனிந்து, தட்டை நீட்டி, “எடுத்துக்குங்க அக்கா” என்றாள்.

அக்கா என்றாள். சுமங்கலிக்குக் கொடுக்கிற மாதிரி கொடுத்தாள்.

உன் கை முந்தானைக்குள்தான் இருந்தது, நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் அந்தப் பூவைப் பார்த்தாய். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்தாய். கை வெளியே வந்தது. வேண்டாம் அண்ணி என்று நான் எழுந்து கத்தியது கைதட்டலில் காணாமல் போனது. நீ வாங்கிவிட்டாய். வக்கீல் மைக்கைப் பிடித்தார். அம்மையார் தாம்பூலம் பெற்றுக்கொண்டார், கவிஞரின் இல்லத்தை மனமுவந்து மக்களுக்கு வழங்கிவிட்டார் என்றார். அந்த அம்மாள் வெற்றிலையையும் பூவையும் உன் முந்தானையில் கொட்டிவிட்டு வெள்ளித் தட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனாள். தட்டு அவர்கள் வீட்டுத் தட்டாம்.

உனக்கு யாரும் தாம்பூலம் நீட்டுவதில்லை என்று வக்கீல் தெரிந்து செய்தாரா, தெரியாமல் செய்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரியாமல் செய்திருந்தால் மடையர். தெரிந்து செய்திருந்தால் அதற்கு என்னிடம் ஒரு வார்த்தை இருக்கிறது, உனக்கு எழுதும் இடத்தில் அதை எழுதி அசிங்கப்படுத்த வேண்டாம் என்று பார்க்கிறேன்.

வீட்டுக்கு வந்து ஆடித் தீர்த்தேன். மரியாதைக்கு வாங்கினேன், வீட்டுக்கு வாங்கவில்லை என்று சொல்லிவிடு, நான் சாட்சி, நானே வந்து வக்கீல் வாசலில் நிற்கிறேன் என்றேன். நீ முந்தானையை அவிழ்த்து வெற்றிலையை ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாய்.

“கை நீட்டி வாங்கிட்டேனேடீ. வாங்கிட்டு இல்லன்னு சொல்லச் சொல்றியா?”

“அவங்க ஏமாத்திட்டாங்க அண்ணி!”

“எனக்கு யாருடீ குடுத்தாங்க, இத்தினி வருசமா? ஒருத்தி குடுத்தா. வாங்கிட்டேன். அத்தோட வுடு.”

நானும் உட்கார்ந்து வெற்றிலையைத் துடைக்க ஆரம்பித்தேன்.

பின்கட்டில் நீ இருந்துகொள்ளலாம் என்றார்கள். இருந்தாய். பிறகு அடுப்புப் புகை சுவரைக் கெடுக்கிறது என்றார்கள். மண்ணெண்ணெய் அடுப்புக்கு மாறினாய். அதன் நாற்றம் வருகிறவர்களுக்குத் தொந்தரவு என்றார்கள். தறி ஓடுகிற சத்தத்தில் விளக்கம் சொல்வது காதில் விழவில்லை என்று தறியை நிறுத்தச் சொன்னார்கள். கவிஞர் வாழ்ந்தபோது வீடு எப்படி இருந்ததோ அப்படியே வைத்திருக்கப் போகிறார்களாம். அடுப்பு எரியாமல், தறி ஓடாமல், நீ இல்லாமல் இந்த வீடு எந்த நாளில் இருந்தது, சொல்! உன் தம்பி வந்து முசரவாக்கத்துக்கு அழைத்துப் போனான். நல்ல பிள்ளை, சோற்றுக்குக் குறை வைக்கவில்லை. ஆனால் அங்கே ஏர் உண்டு, தறி இல்லை. களத்து மேட்டில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருப்பாய். நான் வந்தால் யாரும் இல்லாத நேரம் பார்த்து மெதுவாகக் கேட்பாய்: “பள்ளத்த மூடிட்டாங்களா?” நான் உள்ளே போகாதவள், எனக்கு எப்படித் தெரியும்? இல்லை என்று சொல்லி வைப்பேன்.

அண்ணன் திதிக்கு ஒரு வருஷம் நீ கேட்டாய், அந்தக் கூடத்தில் ஒரு விளக்கு ஏற்றிவிட்டு வரலாமா என்று. எண்ணெய், திரி, அகல் எல்லாம் மடியில் முடிந்துகொண்டு வந்தாய். உனக்காக வாசல்வரை வந்தேன். கதவு பூட்டியிருந்தது. காவலாளி நிழலில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தான்.

“இன்னிக்கு லீவும்மா. செவ்வாக்கெழம.”

“யார்னு தெரியுமாய்யா இவங்க? அவரு பொஞ்சாதிய்யா! இது அவங்க வூடு!”

“யாரா இருந்தாலும் சாவி எங்கிட்ட இல்லியேம்மா. ஆபீசுல இருக்குது. நாளைக்கி வாங்க.”

திதி நாளைக்கு வருமா? நான் அவன் பரம்பரையையே இழுத்தேன். நீ ஜன்னலுக்குப் போய்விட்டாய். எக்கி நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு, உள்ளே பார்த்துக்கொண்டே இருந்தாய். விளக்கை மறந்துவிட்டாய். திரும்பி வந்து நீ சொன்னது இதுதான்: “பட்டுத் தறியில பருத்தி நூல் பாவு போட்டு வெச்சிருக்கானுங்கடீ.” அதற்குப் பிறகு பள்ளத்தைப் பற்றி நீ கேட்கவே இல்லை.

இப்போது நான் பார்த்துவிட்டேன், கேட்டுக்கொள். பள்ளத்தை மூடவில்லை. அதே காவலாளிதான் இருக்கிறான், இப்போது விளக்கமும் அவனே சொல்கிறான். என்னை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. அன்றைக்கு அவ்வளவு திட்டியிருக்கிறேன், ஒருவேளை தினமும் யாராவது திட்டுகிறார்களோ என்னவோ. ஏனாத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த நாலைந்து பேரை நிற்க வைத்துக்கொண்டு, மனப்பாடம் செய்ததை ஒப்பித்தான். கவிஞர் இந்தப் பள்ளத்தில் அமர்ந்து இறுதி நாள்வரை நெய்தபடியே பாடினாராம். பாடலும் தறியும் அவருக்கு இரு கண்களாம். பக்கத்துப் பலகையிலும் அதே எழுதியிருக்கிறது. சுற்றி மஞ்சள் கயிறு கட்டி, தொடாதீர்கள் என்று போட்டிருக்கிறார்கள்.

சுவரில் உங்கள் கல்யாணப் போட்டோ மாட்டியிருக்கிறது. அதன் கீழே ‘கவிஞரும் துணைவியாரும்’. வந்தவர்களில் ஒரு பெண், “அவங்க பேர் என்னங்க?” என்று கேட்டாள். காவலாளி பலகையைக் குனிந்து பார்த்தான். “போடலியேம்மா” என்றான். நானும் இந்த மடலில் போடவில்லை. அது அங்கே இருக்க வேண்டிய பெயர். அங்கே எழுதட்டும், அப்புறம் நான் எழுதுகிறேன்.

வந்தவர்களைப் பின்கட்டுக்கு அழைத்துப் போனான். கூடத்தில் நான் மட்டும் நின்றேன். கயிற்றைத் தூக்கிக் குனிந்து உள்ளே போனேன். முட்டி வலிக்க வலிக்க உட்கார்ந்து, காலைப் பள்ளத்துக்குள் விட்டேன். என் உள்ளங்கால் எதன் மேலோ பட்டது. சில்லென்று இருந்தது.

இருக்கிறது அண்ணி! இரண்டும் நாம் போட்ட இடத்திலேயே இருக்கிறது. உன் குதிகால் பட்டுப் பட்டு நடுவில் வழவழவென்று ஆகியிருக்கிறது. நிலைப்படியில் குனிந்து நுழைந்தவன் இந்தப் பள்ளத்தில் இந்தச் செங்கல் மேல் கால் வைத்து உட்கார்ந்திருந்தால் அவன் முட்டி மோவாயில் இடித்திருக்கும். எத்தனை பேர் வந்து பார்த்திருப்பார்கள், எத்தனை பேர் தலையை ஆட்டிவிட்டுப் போயிருப்பார்கள். ஒருவர்கூடப் பள்ளத்துக்குள் எட்டிப் பார்க்கவில்லை. அப்போதுதான் அழுதேன். உனக்குக் காரியம் நடந்தபோதுகூட வராத அழுகையை, தறியில் நீளவாக்கில் கட்டியிருந்த அந்தப் பருத்திப் பாவின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதேன்.

அழுது முடித்ததும் கோபம் திரும்பி வந்துவிட்டது, நல்லவேளை. குனிந்து இரண்டு செங்கல்லையும் பெயர்த்து எடுத்தேன். உன் காரியத்துக்குக் கொண்டுபோன ஒயர்கூடை கையில் இருந்தது. அதில் வைத்து மேலே துண்டைப் போட்டு மூடினேன். வாசலில் காவலாளி பார்த்துவிட்டான்.

“கூடையில இன்னாம்மா, இவ்ளோ கனமா?”

“செங்கல்லுப்பா.”

துண்டைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தான். “செங்கல்லா? இன்னாத்துக்கும்மா?”

“கால் எட்டல.”

“பாத்து, மெதுவா எடுத்துக்கினு போங்க” என்றான். கூடையை ஒரு கை பிடித்துத் தெருமுனைவரை தூக்கியும் கொடுத்தான்.

இப்போது இரண்டும் என் வீட்டில், நான் துணி துவைக்க உட்காரும் இடத்தில் கிடக்கிறது. தினமும் என் காலை அதன் மேல்தான் வைக்கிறேன். மருமகள் கேட்டாள், எங்கிருந்து வந்தது என்று. எங்க அண்ணி வந்திருக்காங்க என்றேன், அவள் ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள்.

அந்தப் பள்ளம் இப்போது அப்பா தோண்டிய ஆழத்துக்குப் போய்விட்டது. என் அண்ணன் உட்கார்ந்தால் கால் சரியாக இருக்கும். பலகையில் எழுதியிருப்பது இனிமேல் அப்படியே உண்மை, அது கவிஞரின் தறிதான். வேண்டுமானால் அவர்களே வைத்துக்கொள்ளட்டும். உன்னை நான் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.